இதயம் நீங்கலாக

வெளியே கிளம்பும்போதெல்லாம் லிஃப்ட்காரர் வாசக்கதவுக்கு முன்னால் வந்து விறைப்பாக நின்றுகொள்வார். கை இரண்டும் பக்கவாட்டில். மோவாய் கொஞ்சம் மேலே.

"பாஸா, பெயிலா?"

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, அணைத்ததை இன்னொரு தரம் பார்த்துவிட்டு வருவாள். காலரை நிமிர்த்துவாள். மேல் பாக்கெட்டில் கண்ணாடி இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பாள். காதோரம் சோப்பு நுரை காய்ந்திருந்தால் விரலால் துடைப்பாள்.

"ம், பாஸ். போகலாம்."

கல்யாணமான புதிதில் தொடங்கிய விளையாட்டு. அவர் ஊர் ஊராகப் போய் லிஃப்ட் மாட்டியவர், பழுது பார்த்தவர். மாட்டி முடித்ததும் இன்ஸ்பெக்டர் என்று ஒருவர் வருவார். கதவை இழுத்துப் பார்ப்பார், பிரேக்கைப் போட்டுப் பார்ப்பார், தாளில் கையெழுத்து வைப்பார். அந்தக் கையெழுத்து விழுந்தால்தான் ஆள் ஏறலாம். வீட்டிலோ கேஸ் குமிழை மூன்று தரம் திருகிப் பார்க்கிற, பூட்டிய பூட்டில் தொங்கிப் பார்க்கிற மனைவி. அவளுக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார். இன்ஸ்பெக்டரம்மா. அக்கம்பக்கத்துக்கும் அதுவே பெயர். பெற்ற மகளே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"அந்த இன்ஸ்பெக்டர் வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். நீ வேளைக்கு ஒரு தடவை வர்ற. எவன் தாக்குப்பிடிப்பான்?"

"தாக்குப்பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கீங்க."

"பிரேக் நல்ல கம்பெனி. அதான்."

தொழிலில் அவருக்கு ஒரு வெறி உண்டு. லிஃப்டில் ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒரு காண்டாக்ட் இருக்கும். எல்லாக் கதவும் சரியாக மூடியிருந்தால்தான் கரண்ட் சுற்றி வரும், பெட்டி நகரும். ஒன்று கெட்டால் போதும், பெட்டி நின்ற இடத்திலேயே நிற்கும். கட்டடத்துக்காரர்கள் போனில் கத்துவார்கள். அப்போது கைதேர்ந்த சோம்பேறிகள் ஒரு வேலை செய்வார்கள். கெட்ட காண்டாக்டின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு துண்டு வயரைப் போட்டுவிடுவார்கள். அதற்கு ஜம்பர் என்று பெயர். கதவு ஆவென்று திறந்து கிடந்தாலும் மெஷின் மூடியிருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். லிஃப்ட் ஓடும். எல்லாருக்கும் சந்தோஷம். பிறகு ஒரு நாள் யாரோ ஒருவர் பேச்சு சுவாரசியத்தில் கதவைத் திறந்து, உள்ளே பெட்டி இருக்கிறது என்று நம்பிக் காலை வைப்பார்.

ஆனால் பழுது எங்கே என்று தேட ஜம்பர் போட்டே ஆக வேண்டும். அதனால் அவர் தனக்கென்று ஒன்று செய்து வைத்திருந்தார். கண்ணைப் பறிக்கும் சிவப்பில் நீளமான வயர். அதன் வாலை டூல் பையின் கைப்பிடியோடு முடிச்சுப் போட்டிருப்பார். பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டுமானால் வயரைக் கழற்றித்தான் தீர வேண்டும்.

"எனக்கு மறதி உண்டு. பைக்குக் கிடையாது" என்பார்.

கூட வேலை பார்த்த ஒருவன் ஜம்பரைக் கழற்ற மறந்துவிட்டு வந்து, ஒரு பெண் குழிக்குள் விழுந்தாள். லிஃப்ட்காரர் அவன் வீட்டு வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி திட்டிவிட்டு வந்தார். அதன் பிறகு ஆயுசுக்கும் அவனோடு பேச்சில்லை.

இந்த மனிதரோடு இன்ஸ்பெக்டரம்மா வாடகை வீடு வாடகை வீடாக மாறினாள். எங்கே உயரக் கட்டடம் எழும்புகிறதோ அங்கே. பக்கத்து வீட்டுக்காரி சிநேகமாகிற சமயம் பார்த்து லாரி வந்து நிற்கும். பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றுவதில் அவள் கை தேர்ந்துவிட்டது. கடைசிக் குடிமாற்றத்தின்போது அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்:

"உங்க வேலை ஓயட்டும். அப்புறம் நான் சொல்ற இடம். ஜன்னலைத் திறந்தா கடல் தெரியணும். அங்கேருந்து என்னை யாரும் அசைக்கக் கூடாது."

"பத்திரத்துல எழுதித் தரட்டுமா?"

"வாயால சொல்லுங்க, போதும்."

"சரி. அசைக்க விடமாட்டேன்."

சொந்த நாட்டில் கடல் தெரிகிற வீடு அவர் சேமிப்புக்கு எட்டாது. இன்னொரு நாட்டில் எட்டியது. ஓய்வு பெற்ற வெளிநாட்டுக்காரர்களை வாங்க வாங்க என்று அழைத்து, நீண்ட நாள் தங்க விசா கொடுக்கிற நாடு. சும்மா கொடுத்துவிடுவார்களா? வேலை செய்யக் கூடாது. மாதாமாதம் பென்ஷன் வருவதைக் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, மருத்துவ இன்சூரன்ஸ். அந்த நாட்டில் பதிவான கம்பெனியின் பாலிசியாக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் தாங்க வேண்டும். ஒரு நாள்கூட இடைவெளி விழக் கூடாது. வருஷா வருஷம் பாலிசியைப் புதுப்பித்து, அதைக் காட்டி விசாவைப் புதுப்பிக்க வேண்டும். பாலிசி அறுந்தால் விசாவும் அறுந்தது. எழுபது தாண்டினவர்களுக்கு எந்தக் கம்பெனியும் புதிதாகக் கொடுக்காது. ஏற்கெனவே இருக்கிறவர்கள் தொடரலாம், அவ்வளவுதான்.

"புரிஞ்சு போச்சு. உள்ள இருக்கிறவன் இருக்கலாம். நடுவுல இறங்கினா மறுபடி ஏற முடியாது" என்றார் லிஃப்ட்காரர்.

விசா அவர் பெயரில் வந்தது. மனைவி அதில் 'உடன் தங்குபவர்'. பாலிசியும் அப்படியே. வண்டி அவர், பின்னால் கட்டிய பெட்டி அவள்.

வீடு நாலாவது மாடியில். இரண்டு அறை, ஒரு பால்கனி. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி, அதற்கு இடதுபக்கம் ஒரு சாண் கடல். "முழுசாத் தெரியணும்னு நீ சொல்லலையே" என்றார். அவள் அந்த ஒரு சாணைப் பார்த்தபடி நின்றாள். பிறகு ஜன்னல் கொக்கியை இழுத்துப் பார்த்துவிட்டு, "பாஸ்" என்றாள்.

பாலிசியை வாங்கிக் கொடுத்த ஏஜென்ட் நம் பாஷை பேசுகிற சின்னப் பெண். ஸ்கூட்டரில் வருவாள், ஹெல்மெட்டைக் கழற்றாமலே பாதிப் பேச்சை முடித்துவிடுவாள். முதல் தடவை இரண்டு கார்டுகளை மேஜை மேல் வைத்துவிட்டுக் கிளம்புகிறபோது, வாசலில் திரும்பி ஒரு வார்த்தை சொன்னாள்.

"சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் கார்டை எடுக்காதீங்க அங்கிள். ரெக்கார்டு க்ளீனா இருந்தா நமக்குத்தான் நல்லது."

சொல்லிவிட்டு ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த வார்த்தை வீட்டிலேயே தங்கிவிட்டது.

எதிர் வீட்டில் பேங்க்காரர் இருந்தார். பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாள். விசா விதி, இன்சூரன்ஸ் விதி என்று எதைக் கேட்டாலும் மனப்பாடமாக ஒப்பிப்பார். கேட்காவிட்டாலும் ஒப்பிப்பார். ஒரு நாள் சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்துகொண்டு அவர்தான் அந்தக் கதையைச் சொன்னார்.

"நம்ம ஆள் ஒருத்தர். உங்க வயசுதான். நெஞ்சு வலின்னு கார்டை நீட்டினார். ஸ்டென்ட் வெச்சாங்க. கைக்காசு செலவில்லை, ராஜ வைத்தியம். மாப்பிள்ளை மாதிரி வீட்டுக்கு வந்தார். அடுத்த வருஷம் பாலிசி புதுப்பிச்சு வருது. முதல் பக்கத்துலயே போட்டிருக்கான், 'இதயம் நீங்கலாக'ன்னு."

"அப்படின்னா?"

"கை உடைஞ்சா தருவான், கால் உடைஞ்சா தருவான். இதயத்துக்கு மட்டும் தரமாட்டான். அதை எடுத்துக்கிட்டு விசா ஆபீஸுக்குப் போனார். அங்க இருந்த பொண்ணு புரட்டிப் பார்த்துட்டு, 'சார், இந்த நாட்டுல இருக்கணும்னா முழு ஆளுக்கும் இன்சூரன்ஸ் வேணும்'னு சொல்லிடுச்சு."

லிஃப்ட்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப இதயத்தை மட்டும் ஊருக்கு அனுப்பிட்டு மிச்சம் இங்க இருக்கலாம்ல?"

"நீங்க சிரிக்கிறீங்க. மனுஷன் இதயத்தையும் மூட்டையையும் ஒண்ணாத் தூக்கிக்கிட்டுப் போயே போயிட்டார்."

இன்ஸ்பெக்டரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மூட்டை என்ற சொல் மட்டும் காதில் நின்றது.

அந்தக் கட்டடத்தில் ஓய்வுக்காரர்கள் எல்லாருமே இப்படித்தான் வாழ்ந்தார்கள். காய்ச்சல் வந்தால் சந்துமுனைச் சின்ன கிளினிக்கில் கைக்காசு கொடுத்து ஊசி போட்டுக்கொள்வார்கள். பெயரை மாற்றிச் சொல்வதும் உண்டு. ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷின் பேங்க்காரர் வீட்டில் இருந்தது, வாரா வாரம் வரிசையாகப் போய் கையை நீட்டுவார்கள். இன்சூரன்ஸ் கார்டைக் கல்யாணப் பட்டுபோல பீரோவில் மடித்து வைத்திருந்தார்கள். க்ளெய்ம் எதுவும் கேட்காத வருஷத்துக்குக் கம்பெனி பரிசு அனுப்பும். ஒரு வருஷம் குடை வந்தது. ஒரு வருஷம் சுவர்க்கடிகாரம். இன்னொரு வருஷம் ஃபிளாஸ்க். "நோயாளியா இல்லாததுக்குக் கூலி" என்பார் லிஃப்ட்காரர்.

அந்த ஃபிளாஸ்க்தான் குளத்துக்குப் போகும்.

கடலை ஒட்டி, பாறைகளுக்கு நடுவில் நகராட்சி கட்டிவிட்ட குளம் அது. அலை வந்து விளிம்பில் மோதித் தண்ணீரை உள்ளே கொட்டிவிட்டுப் போகும். காலையில் உள்ளூர்ப் பெண்கள் நீந்துவார்கள். கழுத்தில் விசில் மாட்டிய ஒரு பெண் காவலுக்கு நிற்பாள். வந்த புதிதில் இன்ஸ்பெக்டரம்மா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை மட்டும் பார்ப்பாள். ஒரு நாள் விசில்காரி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். ஒருத்தி பாஷை ஒருத்திக்குத் தெரியாது. வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தாள், அவ்வளவுதான் பாடம். அப்போது இன்ஸ்பெக்டரம்மாவுக்கு அறுபது தாண்டிச் சில வருஷம் ஆகியிருந்தது.

கரை பெஞ்சில் லிஃப்ட்காரர் மடியில் துண்டு, பக்கத்தில் ஃபிளாஸ்க். "மிதக்கிறியா, முங்கறியா?" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பார். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

மிதந்த அன்று அவள் மல்லாந்து கிடந்தாள். காது இரண்டும் தண்ணீருக்குள். உலகத்தில் ஒரு சத்தமில்லை. கேஸ் மூடியிருக்கிறதா, கதவு பூட்டியிருக்கிறதா, பாத்திரம் எந்தப் பெட்டியில் என்று ஒன்றும் தோன்றவில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து முதல் தடவையாக எதையும் சரிபார்க்காமல் படுத்திருந்தாள். ஏணி ஏறி வந்தபோது லிஃப்ட்காரர் எழுந்து நின்று துண்டைப் போர்த்தினார்.

"பாஸ்," என்றார்.

அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து அவள் ஒரு காலையும் தவறவிட்டதில்லை. குளத்திலிருந்து திரும்புகிற வழியில் இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தை என்று உள்ளூர்ப் பெண்களின் பாஷை வாயில் ஏறியது. வெங்காயம் வாங்குகிற கடையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். லாரி வரவே வராத ஊர் ஒன்று கடைசியில் அவளுக்கு வாய்த்திருந்தது.

குளத்திலிருந்து ரோட்டுக்கு ஒரு மேடு ஏற வேண்டும். போன வருஷம் பாதியில் லிஃப்ட்காரர் அந்த மேட்டில் நிற்க ஆரம்பித்தார். நின்று கடலைப் பார்ப்பார். கொஞ்சம் ஏறுவார், மறுபடி நின்று கடலைப் பார்ப்பார்.

இன்ஸ்பெக்டரம்மா அதை அப்போதே கவனித்தாள். இத்தனை வருஷத்தில் அவர் கடலைப் பார்த்து அவள் கண்டதில்லை. கண் எப்போதும் கட்டடங்கள் மேல்தான் இருக்கும், மொட்டைமாடியில் லிஃப்ட் ரூம் எங்கே என்று தேடும். கடல் அவளுக்காக வாங்கியது.

ஒரு நாள் சமையலறையில் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ வாயில் போட்டார்.

"என்னங்க அது?"

"கேஸுக்கு."

"கேஸ் மாத்திரையை நாக்குக்கு அடியிலயா வெப்பாங்க?"

மாத்திரை வாயில் இருந்தது. நெஞ்சு வலி மாத்திரை, பேங்க்காரரிடம் வாங்கியது என்று பிறகு தெரிந்தது. அவருக்கு அது ஊரிலிருந்து வருகிறவர்களின் பெட்டியில் வரும்.

"எவ்வளவு நாளா?"

"மழைக்கு முன்னாடியிருந்து. ஏறும்போது மட்டும்தான். நின்னா போயிடுது."

அவள் ஸ்டவ்வை அணைத்தாள். அணைத்ததைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஜம்பர் போட்டுக்கிட்டு ஓட்டறீங்க."

அவர் சிரித்தார். மாட்டிக்கொண்ட பிள்ளையின் சிரிப்பு. "ரினியூவல் வரைக்கும்தான். அது முடிஞ்சதும் கழட்டிடறேன்."

"பையில கட்டி வெச்சிருக்கீங்களா?"

"நீதான் பை. உன்னைத் தூக்காம நான் எங்க போயிடுவேன்?"

"விளையாடாதீங்க. கார்டை எடுங்க. இப்பவே போகலாம்."

"போகலாம். போனா என்ன ஆகும், நீயே சொல்லு. 'இதயம் நீங்கலாக'ன்னு ஒரு காகிதம் வரும். பின்னாடியே லாரி வரும். பாத்திரமெல்லாம் மறுபடி பேப்பர்ல சுத்துவியா? வாயால சொல்லியிருக்கேன்டி. அசைக்க விடமாட்டேன்னு."

பால்கனிக் கயிற்றில் அவளுடைய நீச்சல் உடை காய்ந்துகொண்டிருந்தது. காலில் சொட்டிய தண்ணீர் இன்னும் தரையில் ஈரமாக இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அப்புறம் ஸ்டவ்வைப் பற்ற வைத்தாள்.

ரினியூவலுக்கு ஏஜென்ட் வந்தாள். கேள்விகளை வரிசையாகப் படித்தாள். கடந்த ஒரு வருஷத்தில் இதயத்துக்கு ஏதாவது சிகிச்சை எடுத்தீர்களா?

"சிகிச்சையா? இல்லை," என்றார் லிஃப்ட்காரர். அவள் போன பிறகு மனைவியிடம், "சிகிச்சை எடுத்தியான்னுதானே கேட்டா? எடுக்கலையே. பொய் இல்லை பாரு," என்றார். முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போயிற்று. இரண்டு பேரும் சேர்ந்துதான் அமுக்கினார்கள்.

விசா ஆபீஸுக்குக் கிளம்புகிற அன்று அவர் கதவுக்கு முன்னால் நின்றார். கை பக்கவாட்டில், மோவாய் மேலே.

"பாஸா, பெயிலா?"

மேல் பொத்தான் போடாமல் இருந்தது. அவள் போட்டுவிட்டாள். சட்டைக்குக் கீழே அது ஓடிக்கொண்டிருந்தது. விரலுக்குத் தெரிந்தது. ஒரு சீராக இல்லை. நாலு அடி ஓடிவிட்டு ஒன்றைத் தவறவிட்டது.

"பாஸ்," என்றாள்.

ஆபீஸில் முத்திரை விழுந்தது. இன்னும் ஒரு வருஷம். வெளியே வந்ததும் அவள் விட்டுவிடவில்லை. "முடிஞ்சுதுல்ல? கழட்டுங்க."

"இப்பத்தான் ஒண்ணுமில்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கோம். உடனே போய் நெஞ்சைக் காட்டினா? அப்ப கையெழுத்துப் போடும்போதே தெரியும்னுதானே சொல்லுவான்? பாலிசியே செல்லாதுன்னுடுவான். கொஞ்சம் காலம் போகட்டும்."

அதிலும் நியாயம் இருந்தது. நியாயம் இல்லாத இடமே அந்த விஷயத்தில் இல்லை. ஒவ்வொரு படியும் நியாயமாகத்தான் இருந்தது. படி இறங்கிக் கீழே போகிறது என்பது மட்டும்தான் குறை.

பிறகு ஒரு காலை. வெயில் நன்றாக ஏறிய நேரம். அவள் குளத்தின் எதிர்ப்பக்கச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். பெஞ்சில் லிஃப்ட்காரர் பக்கவாட்டில் சாய்ந்திருந்தார். ஃபிளாஸ்க் உருண்டு தரையில் கிடந்தது. அவள் நீந்தி வந்து சேர்ந்த தூரம்தான் அவள் வாழ்நாளில் நீந்திய தூரத்திலெல்லாம் நீளம். விசில்காரி அதற்குள் ஓடிப்போய் போனை எடுத்திருந்தாள். லிஃப்ட்காரர் கையை ஆட்டி வேண்டாம் என்றார். முகம் நனைந்த சுவர்போல இருந்தது.

கரையில் நடக்க வந்த பேங்க்காரர் மேட்டிலிருந்து நொண்டிக்கொண்டே இறங்கி வந்தார். "ஆம்புலன்ஸ் வந்தா நேரா பெரிய ஆஸ்பத்திரிதான். வாசல்லயே கார்டைக் கேப்பான். என் கார் இருக்கு. தூக்குங்க."

அவள் ஈர உடையோடு பின்சீட்டில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கூட்டுரோட்டில் பேங்க்காரர் வண்டியை நிறுத்தினார். வலது பக்கம் பெரிய ஆஸ்பத்திரி. இடது பக்கம் சந்துமுனைக் கிளினிக். கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"அக்கா, எந்தப் பக்கம்?"

அவள் குனிந்து கணவரைப் பார்த்தாள். அவர் விரல் அசைந்தது. இடது.

"இடது," என்றாள்.

கிளினிக் டாக்டர் சட்டையைத் திறந்து காதை வைத்த அடுத்த நொடி கத்தினார். இங்கே எதற்குக் கொண்டுவந்தீர்கள்? என்னிடம் என்ன இருக்கிறது? வந்த வழியே திரும்பினார்கள். அதே கூட்டுரோடு. சிவப்பு விளக்கு.

பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கவுன்டரில் கார்டு கேட்டார்கள். அது அவளுடைய நீச்சல் பையில்தான் இருந்தது, பிளாஸ்டிக் உறைக்குள், தண்ணீர் படாமல். அவருக்குத் தெரியாமல் அவள் பல மாதமாக எடுத்துக்கொண்டு வந்தாள். கவுன்டர் பெண் அதைச் செருகினாள். திரையில் பச்சை வந்தது. அவள் இதமாக ஏதோ சொன்னாள். பேங்க்காரர் மொழிபெயர்த்தார்.

"எல்லாமே கவர் ஆகுதாம் அக்கா. கவலைப்பட வேண்டாங்கிறா."

கொஞ்ச நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். அவர் சொன்னதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மகள் வந்தாள். ரயில் பிரேக்குகளைச் சோதிக்கிற இன்ஜினியர். அதிகம் பேசமாட்டாள். தகனம் முடிந்த மறுநாள் ஏஜென்ட் வந்தாள். இந்த முறை ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"பாலிசியில உடலை ஊருக்கு அனுப்புற செலவும் இருந்துச்சு ஆன்ட்டி. நீங்க கேட்டிருந்தா..."

"க்ளெய்ம் கேட்டா இதயத்தை விலக்கிடுவாங்கன்னு ரூல் எங்க இருக்கு? காட்டுங்க," என்றாள் மகள்.

"ரூல்னு எழுதி வெச்சதில்லை அக்கா. மேல பார்த்து முடிவு பண்ணுவாங்க. சிலருக்குப் போடுவாங்க. சிலருக்குப் போடமாட்டாங்க."

"அப்பாவுக்குப் போட்டிருப்பாங்களா?"

"தெரியாது அக்கா. நிஜமாவே தெரியாது."

மகள் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள். பேங்க்காரர் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வலது கால் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

"மாமா, 'இதயம் நீங்கலாக'ன்னு பாலிசி வந்தவர் யாரு? நான் அவர்கிட்டப் பேசணும்."

"அவரா... நான் நேர்ல பார்த்ததில்லைம்மா. முன்னாடி கீழ் வீட்டுல இருந்தவர் சொன்னது. அவருக்கும் யாரோ சொன்னதுதான்."

மகள் கட்டைவிரலைப் பார்த்தாள். துணியின் ஓரம் கறுத்திருந்தது. வாடை வந்தது.

"உங்களுக்குச் சர்க்கரையா?"

"கொஞ்சம்."

"இதைக் காட்டினீங்களா?"

பேங்க்காரர் காலை மடக்கிக்கொண்டார். "எனக்கு அடுத்த மாசம் ரினியூவல்மா. அது முடியட்டும்."

மகள் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தாள்.

விசா ஆபீஸில் இருந்தவர் நல்ல மனிதர். எழுந்து நின்று இன்ஸ்பெக்டரம்மாவுக்கு நாற்காலி போட்டார். விசா கணவர் பெயரில் இருந்தது, அவர் இல்லை என்றால் உடன் தங்குபவர் என்று ஒருவர் இருக்க முடியாது என்று சொன்னார். ஆனால் வழி இருக்கிறது. தன் பெயரிலேயே ஒரு விசா கேட்கலாம். பென்ஷனில் பாதி அவளுக்கு வரும், அது போதும். ஒரு இன்சூரன்ஸ் பாலிசி மட்டும் கொண்டுவந்தால் போதும்.

ஏஜென்டிடம் கேட்டார்கள். கணவர் பாலிசி அவரோடு முடிந்தது. புதிதாகத்தான் எடுக்க வேண்டும். இன்ஸ்பெக்டரம்மாவுக்குப் போன மாதம் எழுபது முடிந்திருந்தது.

"உள்ள இருக்கிறவன் உள்ள," என்றாள் இன்ஸ்பெக்டரம்மா. யாரிடமும் இல்லை.

அன்றே பழைய பேப்பர் கட்டு ஒன்று வாங்கி வந்தாள். பாத்திரங்களைச் சுற்றினாள். கை எதையும் மறந்திருக்கவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து டேப்பைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தாள். டூல் பை பரணில் இருந்தது. சிவப்பு வயர் கைப்பிடியில் முடிச்சுப் போட்டபடியே சுருண்டு கிடந்தது. மகள் அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"நீ ஏம்மா சொல்லலை? எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"கேட்டார். பாஸ் போட்டேன்."

"என்னம்மா பேசற?"

"கேட்டார்டி. வாசல்ல நின்னு கேட்டார். கைக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சேதான் போட்டேன்."

மகள் வயரைப் பைக்குள் வைத்துவிட்டு மறுபடி டேப்பைக் கிழித்துக் கொடுத்தாள்.

கிளம்புகிற காலை அவள் குளத்துக்குப் போனாள். மகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் துண்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. துண்டெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டிருந்தது. இன்ஸ்பெக்டரம்மா மல்லாந்து மிதந்து பார்த்தாள். முடியவில்லை. தலையைத் தூக்கித் தூக்கிப் பெஞ்சைப் பார்த்தாள். தலையைத் தூக்கினால் உடம்பு முங்கும் என்று விசில்காரி சொல்லிக்கொடுத்ததுதான். ஏறி வந்துவிட்டாள். விசில்காரி அவளைக் கட்டிக்கொண்டு ஏதோ சொன்னாள். இப்போது அந்தப் பாஷை அவளுக்குப் புரிந்தது. நாளைக்குப் பார்ப்போம் என்றாள் அந்தப் பெண். இவள் ஊரைவிட்டுக் கிளம்புகிற விவரம் தெரியாதவள்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் கூரியர் கவர் ஒன்று கிடந்தது. லிஃப்ட்காரர் பெயருக்கு. மகள் பிரித்தாள். தடித்த வெள்ளைத் துண்டு, மூலையில் கம்பெனி முத்திரை. கூடவே ஒரு அட்டை: க்ளெய்ம் இல்லாத இன்னொரு வருஷத்துக்கு வாழ்த்துகள், உங்கள் ஆரோக்கியம் எங்கள் மகிழ்ச்சி. ஆள் போவதற்கு முன்பே கம்ப்யூட்டர் அனுப்பச் சொல்லியிருக்க வேண்டும்.

மகள் அதைச் சுருட்டிக் குப்பைத் தொட்டிப் பக்கம் திரும்பினாள்.

"கொடு இப்படி."

இன்ஸ்பெக்டரம்மா துண்டை வாங்கினாள். நாலாக மடித்தாள். வாசப்படிக்கு வெளியே போட்டாள். அதன் மேல் ஏறி நின்று ஈரக் காலைத் துடைத்தாள். ஒரு கால், மறுகால், திரும்ப முதல் கால். குளத்து மணல் வெள்ளையில் கறுப்பாக ஒட்டியது. உள்ளே போய் உடை மாற்றிக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். துண்டை மிதித்துத் தாண்டினாள்.

கதவைப் பூட்டினாள். இழுத்துப் பார்க்கவில்லை.